ஹென்றியின் அறைக்கு வந்த தண்ணீர்

1935ஆம் ஆண்டு மே மாதக் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை டொரதி கீழறையின் கதவைத் திறந்தபோது, கட்டிலுக்குப் பக்கத்தில் தரை கறுத்து மினுங்கியது. எண்ணெய் ஏதோ கொட்டிக் கிடக்கிறது என்றுதான் முதலில் நினைத்தாள். கிட்டப் போய்க் குனிந்து விரலால் தொட்டுப் பார்த்தாள். தண்ணீர். கட்டிலுக்கு அடியிலிருந்து கசிந்து வந்து, மேசையின் ஒரு காலைச் சுற்றித் தேங்கி நின்றது.

அது அவளுடைய ஒரே மகன் ஹென்றியின் அறை. ஹென்றி இறந்து நாலு மாதம் முடிந்திருந்தது.

ஒவ்வொரு நாளும் கணவர் கடைக்குப் போன பிறகு அவள் படியிறங்கி வந்து ஜன்னலைத் திறந்துவைப்பாள். கொஞ்சம் காற்று வந்துபோனதும் மூடிவிட்டு மேலே போய்விடுவாள். எதையும் இடம் மாற்றமாட்டாள். கட்டிலில் விரிப்பு அவன் இழுத்துவிட்டுப் போனபடியே இருந்தது. மேசையில் அவன் படிப்பித்த பிள்ளைகளின் கொப்பிகள் பாதி திருத்தியதும் திருத்தாததுமாகக் கிடந்தன. கதவுக்குப் பின்னால் ஒரு குடை. அந்தக் குடையை அவன் ஏன் எடுத்துப் போகவில்லை என்று அவள் பல நாள் யோசித்திருக்கிறாள்.

வீடு அம்பிட்டியப் பக்கம் ஏறிப்போகும் ஓர் ஒழுங்கையில் இருந்தது. மலைச்சரிவை வெட்டி எடுத்த இடத்தில் மேலே மூன்று அறையும் குசினியும், அவற்றுக்குக் கீழே, சரிவு விட்டுக்கொடுத்த மூலையில், இந்த ஓர் அறையும். கீழறையின் பின்சுவருக்கு அந்தப் பக்கம் மலைதான். 1922இல் அந்த வீட்டை டொரதியின் கணவர் சுவக்கின் தாமே வரைபடம் போட்டு, தாமே நின்று கட்டுவித்தார். திருகோணமலை வீதியில் ஓர் இரும்புச் சாமான் கடையில் அவர் தலைமை விற்பனையாளர். கண்டியில் வேலை செய்த மேசன்மாரில் பாதிப் பேர் அவரிடம்தான் சிமெந்தும் ஆணியும் வாங்கினார்கள். வாங்குகிறவர்களுக்கு எதற்கு எவ்வளவு மணல் சேர்க்க வேண்டும் என்று கேட்காமலே சொல்லியனுப்புவார். வீட்டுக்கு யாராவது முதல் தடவை வந்தால் தேத்தண்ணீர் கொடுப்பதற்கு முன்பே கீழறைக்குக் கூட்டிக்கொண்டு போவார். "மலைய வெட்டிக் கட்டுனது. இத்தன வருஷத்துல ஒரு சொட்டுத் தண்ணி உள்ள வரல," என்பார்.

ஹென்றிக்கு இருபத்துநாலு வயது. பாடசாலையில் ஆசிரியர். போன வருடம் மழை பொய்த்து ஆறுகள் குட்டைகுட்டையாக வற்றி, நுளம்பு பெருகி, கலகெதரப் பக்கத்துக் கிராமங்களில் மலேரியாக் காய்ச்சல் வீட்டுக்கு வீடு ஆட்களை விழுத்தியது. டிசம்பர் விடுமுறையில் பங்குக் கோயிலிலிருந்து சுவாமியாரோடு சில வாலிபர்கள் மருந்தும் கஞ்சியும் கொடுக்கப் போனார்கள். ஹென்றியும் போனான். அங்கிருந்து இரண்டு கடிதம் எழுதினான். இரண்டிலும் சுகமாக இருக்கிறேன், வேலை அதிகம், பாடசாலை திறக்கும் முன் வந்துவிடுவேன் என்று இருந்தது. இரண்டாவது கடிதம் வந்து ஆறாம் நாள் சுவாமியார் ஆள் அனுப்பினார். டொரதியும் சுவக்கினும் போய்ச் சேர்ந்தபோது அங்கேயே அடக்கம் முடிந்திருந்தது. ஈரமண் குவியலும் மரச்சிலுவையும்தான் பார்த்தார்கள்.

தண்ணீரைக் கண்ட அன்று மாலை கடையிலிருந்து வந்த சுவக்கின் சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் கீழே இறங்கினார். சுவரைத் தட்டினார். உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். கட்டிலுக்கு மேலே சுவரில் ஒரு பாய் அளவுக்கு ஓதம் ஏறியிருந்தது.

"மழத் தண்ணிதான். பூச்சுல எங்கயோ வெடிப்பு விட்டிருக்கு. நான் பாத்துக்கிறேன்," என்றார்.

"ஒரு மேசனக் கூப்புட்டுக் காட்டுவமாங்க? கறுப்பையா நல்லா பாப்பாருன்னு சொல்றாங்க."

"என்கிட்ட சிமெந்து வாங்குற ஆள என் வீட்டுக்கே கூப்புட்டு, எங்க ஒழுகுதுன்னு கேக்கச் சொல்றியா?"

பிறகு அவர் குரலை இறக்கிச் சொன்னார்:

"ஆள் வந்தா எல்லாத்தையும் வெளிய தூக்குன்னு சொல்லுவான் டொரதி. கட்டில, மேசைய, எல்லாத்தையும். மண்ணுக்காலோட உள்ள நடப்பானுங்க."

அவளும் அதையே நினைத்துக்கொண்டுதான் கேட்டிருந்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் வேலை தொடங்கியது. சுவக்கின் பழைய சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டார். டொரதி மணலை அரித்துக் கொடுத்தாள், வாளியில் தண்ணீர் கொண்டுவந்தாள், அவர் கேட்கும்போது லாந்தரைத் தூக்கிப் பிடித்தாள். கட்டிலை அவர் நகர்த்தவில்லை. பலாமரக் கட்டில், பின்சுவரோடு ஒட்டிக் கிடந்தது. அதற்கு அடியில் பலகைகள் போட்டு, பலகைகள்மேல் ஹென்றி தன் றங்குப்பெட்டியையும் புத்தகக் கட்டுகளையும் வைத்திருந்தான். சுவக்கின் விரிப்பின்மேல் ஒரு சாக்கைப் போட்டு, அதன்மேல் முழங்காலை ஊன்றாமல், கட்டிலுக்கு இந்தப் பக்கம் நின்றபடியே எட்டி எட்டிச் சுவரைப் பூசினார். ஐம்பத்தாறு வயது. அரைமணிக்கு ஒரு தடவை இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"கட்டிலக் கொஞ்சம் இழுத்தா லேசா இருக்குமே," என்றாள் டொரதி.

"வேணாம். அது அப்பிடியே இருக்கட்டும்."

ஜனவரிக்குப் பிறகு இருவரும் சேர்ந்து ஒரு காரியம் செய்தது அதுதான் முதல் தடவை. அதுவரை அவர் கடையில் இருட்டும்வரை இருந்தார், அவள் குசினியில் இருந்தாள். சாப்பாட்டு நேரத்தில் உப்பு, தண்ணீர், நாளைக்கு என்ன வாங்க வேண்டும் என்பதற்கு மேல் பேச்சில்லை. இப்போது அவர் சிமெந்தைக் குழைத்தபடி, வீடு கட்டிய வருடத்தில் பின்சுவருக்குக் கல் எங்கிருந்து வந்தது, எத்தனை வண்டி வந்தது என்றெல்லாம் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த அறையில் மறுபடி மனிதக் குரல் கேட்டது அவளுக்கு ஒரு வகையில் ஆறுதலாகக்கூட இருந்தது. பிறகு அதை நினைத்தபோதெல்லாம் அவளுக்கு வெட்கமாக இருக்கும்.

இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, கட்டிலின் தலைமாட்டு மூலையில், தரையோடு ஒட்டி ஓர் ஓட்டை இருப்பதை அவர் கண்டார். கைமுட்டி போகிற அளவு. உள்ளே சேறும் சருகும் அடைத்திருந்தன.

"எலி வளை. இதாலதான் வெளித் தண்ணி உள்ள வருது," என்றார். சின்னக் கற்களைத் திணித்து, சிமெந்தைக் கெட்டியாகக் குழைத்து உள்ளே தள்ளி, மேலே வழவழப்பாகப் பூசிவிட்டார். பூசியதைத் தள்ளி நின்று பார்த்தபோது அவர் முகத்தில் வெகு நாளைக்குப் பிறகு ஒரு திருப்தி தெரிந்தது.

அந்த வாரம் மழை இல்லை. தரை காய்ந்தது. சுவக்கின் இரவுச் சாப்பாட்டின்போது, "இதுக்குப் போயி மேசனக் கூப்புட்டிருந்தா சுவரையே இடிச்சிருப்பான்," என்றார்.

ஜூன் மூன்றாம் வாரம் மழை பிடித்தது. வியாழன் தொடங்கி ஞாயிறு காலைவரை விடவில்லை. பூசைக்கு நனைந்துகொண்டே போய் நனைந்துகொண்டே வந்து, டொரதி நேரே கீழறைக்குப் போனாள். கதவு லேசில் திறக்கவில்லை. தோளால் தள்ளியபோது உள்ளிருந்து தண்ணீர் வாசற்படியைத் தாண்டி வழிந்தது. அறைக்குள் கெண்டைக்காலை மூடும் தண்ணீர் நின்றது. கட்டிலுக்கு அடியில் றங்குப்பெட்டி பாதி மூழ்கியிருந்தது. புத்தகக் கட்டுகள் ஊதிப்போய்க் கயிறு தெறித்துக் கிடந்தன. பூசிய சுவரில் ஒரு வெடிப்பும் இல்லை. தண்ணீர் தரைக்கும் சுவருக்கும் இடையில் இருந்து, யாரோ ஊற்றிக்கொண்டிருப்பது போல, நிதானமாக ஏறிக்கொண்டிருந்தது.

இரண்டு பேரும் பகல் முழுக்க வாளியால் இறைத்தார்கள். றங்குப்பெட்டியை மேலே தூக்கிக் கொண்டுவந்து திறந்தபோது ஹென்றியின் சட்டைகள் ஒன்றோடொன்று சாயம் கலந்து ஒட்டியிருந்தன. டொரதி அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்து, பிழிந்து, குசினி அடுப்புக்கு மேலே கொடி கட்டிக் காயப்போட்டாள். சட்டைகளில் இருந்த அவன் வாசம் போய்விட்டது. வெறும் ஈரத்துணி வாசம்தான் இருந்தது. அதுவரை இடைக்கிடை அந்தப் பெட்டியை அவள் திறந்து மூடியது கணவருக்குத் தெரியாது.

"அடுத்த ஞாயிறு தார் வாங்கிட்டு வந்து அடிச்சுப் பாப்பம்," என்றார் சுவக்கின். அவர் விரல் நுனிகள் சிமெந்தில் வெந்து வெடித்திருந்தன.

அவள் அப்போதே முடிவு செய்துவிட்டாள்.

மறுநாள் அவர் கடைக்குப் போனதும் டொரதி தன் குடையை எடுத்துக்கொண்டு டவுனுக்கு இறங்கினாள். மேசன் கறுப்பையா ஏரிக்கரை வீதியில் ஒரு மதில் வேலையில் இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தாள். விசாரித்துக் கண்டுபிடித்தாள். கறுப்பையா தெல்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவர். அவருடைய தகப்பனார் தேயிலைச் சரிவுகளில் மழைத் தண்ணீர் போகக் கான் வெட்டுகிற வேலையில் காலம் கழித்தவர். கறுப்பையாவுக்கு ஐம்பது வயதிருக்கும். அவள் சொன்னதை எல்லாம் கல்லைத் தட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"ஐயாவுக்குத் தெரியுமாம்மா, நீங்க வந்தது?"

"தெரியாது."

"அப்ப அவருகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு வர்றதுதான் மொற. நான் அவருகிட்ட சாமான் எடுக்குற ஆளு."

"கேட்டா வேணாம்னுதான் சொல்லுவாரு. அது எங்க மகனோட அறை. நீங்க வாங்க, மத்தத நான் பாத்துக்கிறேன்."

கறுப்பையா அவள் முகத்தைப் பார்த்தார். ஹென்றியின் சாவு ஊருக்குத் தெரிந்ததுதான். "நாளைக்குக் காலையில வர்றேங்க," என்றார்.

சொன்னபடி செவ்வாய் காலை எட்டு மணிக்கு இரண்டு ஆட்களோடு வந்தார். உள்ளே போவதற்கு முன் மூன்று பேரும் முற்றத்துப் பீலியில் விழுந்துகொண்டிருந்த தண்ணீரில் காலைக் கழுவிக்கொண்டார்கள். யாரும் சொல்லவில்லை. அதைப் பார்த்ததும் டொரதிக்குக் கண் நிறைந்துவிட்டது. கொப்பிகளையும் மேசையில் இருந்தவற்றையும் அவளே எடுத்துப்போய் மேலே வைத்தாள். விரிப்பை மடிக்கும்போது மட்டும் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு மடித்து எடுத்துக்கொண்டு வெளியே வந்து, "இனித் தூக்குங்க," என்றாள்.

சுவக்கினுக்குக் கடையில்தான் தெரிந்தது. ஆணி வாங்க வந்த ஒருவர், "கறுப்பையா இன்னைக்கு உங்க வீட்டு வேலைன்னு சொன்னாரே, மதில் வேலை நிக்குது," என்று பேச்சோடு சொல்லிவிட்டார். சுவக்கின் குடையும் எடுக்காமல் புறப்பட்டார். ஏற்றம் ஏறி வீட்டை அடைந்தபோது மூச்சு வாங்கியது. முற்றத்தில், தூறலில், ஹென்றியின் கட்டில் நாலு காலும் தெரிய நின்றது. யாரோ மேலே ஒரு தகரத்தைப் போட்டிருந்தார்கள்.

"யாரு இத வெளிய எடுத்தது?" என்றார். சத்தம் ஒழுங்கை முழுக்கக் கேட்டது.

டொரதி படியில் நின்றாள். "நான்தான் எடுக்கச் சொன்னேன்."

"என்னக் கேக்காம?"

"ஆமா."

அவர் அவளைத் தாண்டி அறைக்குள் போனார். கறுப்பையா முழங்காலில் இருந்து எழுந்து நின்றார். "வெளிய போங்க. சாமானெல்லாம் இருந்த இடத்துல வச்சிட்டு எல்லாரும் வெளிய போங்க," என்றார் சுவக்கின்.

கறுப்பையா ஆட்களை வெளியே அனுப்பினார். பிறகு சொன்னார்:

"போறோம்யா. அதுக்கு முன்னால இத ஒரு தடவ பாத்துருங்க. பாத்தப் பொறகு நீங்க சொல்றபடி செய்யலாம்."

கட்டில் கிடந்த இடத்தில் பலகைகள் எடுக்கப்பட்டிருந்தன. அவற்றின் கீழே, பின்சுவரின் அடியை ஒட்டி, தரையில் ஒரு கால்வாய் வெட்டப்பட்டிருந்தது. ஒரு சாண் அகலம். சுவரின் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை உளியால் கொத்தி, அடியில் உடைந்த ஓட்டுத் துண்டுகளைப் பரப்பி, தலைமாட்டு மூலையைப் பார்த்து மெல்லச் சரியும்படி செய்திருந்தது. அந்த மூலையில் அது போய் முட்டிய இடத்தில்தான் சுவக்கின் பூசிய புதுச் சிமெந்து இருந்தது.

"சுவருக்குப் பின்னால ஊத்து இருக்குங்க. இன்னைக்கு நேத்து வந்ததில்ல, மலைய வெட்டுன நாள்லருந்து இருக்கும். அந்தத் தண்ணி இதுல எறங்கி, அந்த ஓட்டையால வெளிய போயிருக்கு. எலி வளை இல்லங்க அது. உள்ள ஒரு தகரக் குழாய் வச்சிருக்கு."

"இத நான் வைக்கல," என்றார் சுவக்கின்.

"தெரியுதுங்க. கட்டுறப்ப வச்சதில்ல. பொறகு யாரோ பாத்துச் செஞ்சிருக்காங்க. செஞ்சதோட விடல, வருஷா வருஷம் தூர் எடுத்திருக்காங்க. இந்தாங்க." பலகைகளுக்கு அடியில் கிடந்த ஒரு நீண்ட மூங்கில் சிம்பை எடுத்துக் காட்டினார். அதன் நுனியில் துணி சுற்றிக் கம்பியால் கட்டியிருந்தது. "இத உள்ள விட்டுக் குத்தித்தான் அடைப்பு எடுத்திருக்காங்க. போன ஒரு வருஷமா எடுக்கல. அதான் தேங்குச்சு. நீங்க வாய அடச்சப் பொறகு போக வழியே இல்ல."

டொரதி கிட்டே வந்து அந்தத் துணியைப் பார்த்தாள். நீலக் கோடு போட்ட சட்டைத் துணி. அவள் தைத்துக் கொடுத்தது. ஹென்றி பதினேழு வயதில் போட்டுக் கிழித்த சட்டை.

குழாயின் மறுமுனை எங்கே வருகிறது என்று பார்க்க வெளியே போன ஆள், ஒழுங்கைக்கு அந்தப் பக்கத்து வீட்டு ஸக்கியாவோடு பேசிக்கொண்டு நின்றான். ஸக்கியா தையல்காரர் ஒருவரின் மனைவி. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு படியடிவரை வந்தாள்.

"அத ஹென்றித் தம்பிதான் செஞ்சிச்சு," என்றாள். "நாங்க குடி வந்து ஏழு வருஷம். வந்த வருஷமே கண்டேன். மழ தொடங்க முன்னுக்கு வந்து எங்கட வாசலடியால குந்திக்கொண்டு அந்த வாயத் துப்புரவாக்கும். போன வருஷந்தான் மழ இல்லாம வரல்ல."

"எங்ககிட்ட நீங்க சொல்லவே இல்லையேம்மா," என்றாள் டொரதி.

"என்னய அக்கா மாதிரி ராத்தாண்டுதான் கூப்பிடும். செல்ல வாணாம் ராத்தா எண்டு செல்லிச்சு. அப்பா கட்டின வீடு, கேட்டா அவர்ட மனசு நோகும்டு." ஸக்கியா சுவக்கினைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

சுவக்கின் அந்தக் கால்வாயின் பக்கத்தில் உட்கார்ந்தார். ஈரத் தரை என்பதையும் பார்க்கவில்லை. உளி பட்ட தடங்களை விரலால் தடவிக்கொண்டு போனார். மூலைக்கு வந்ததும் தன் சிமெந்தில் விரல் பட்டு நின்றது.

"கறுப்பையா," என்றார். "இத ஒடச்சு எடுங்க."

கறுப்பையா அலவாங்கை எடுத்துவந்து இரண்டே குத்தில் அதை உடைத்தார். முதலில் சேறும் பிறகு தண்ணீரும் ஒழுங்கைப் பக்கம் இறங்கின.

அன்று ஆட்கள் போன பிறகு கணவனும் மனைவியும் கீழறைப் படியில் உட்கார்ந்திருந்தார்கள். தூறல் நின்று, எதிர்ப்பக்க மலையில் கொஞ்சம் வெயில் விழுந்திருந்தது.

"உனக்குத் தெரியுமா?" என்றார் சுவக்கின்.

"தெரியாதுங்க."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே. சொன்னா நான் என்ன, கடிச்சா தின்னுருவேன்?"

பொய் சொல்லி ஆற்றிவிடலாம். அவருடைய கைகளைப் பார்த்தபோது டொரதிக்கு அப்படித்தான் தோன்றியது. ஆனால் அவள் உண்மையைச் சொன்னாள்.

"ஒரு தடவ உங்ககிட்ட சொன்னான். அவனுக்குப் பதினாலு, பதினஞ்சு வயசு இருக்கும். சாப்புட்டுக்கிட்டு இருக்கும்போது, அப்பா சுவரு நனஞ்சிருக்குன்னு சொன்னான். கட்டுனவனுக்குத் தெரியாதது உனக்குத் தெரியுமான்னு கேட்டீங்க. அப்புறம் ரெண்டு நாள் அவனோட பேசல."

"எனக்கு நெனப்பே இல்லையே, டொரதி."

"அவனுக்கு இருந்திருக்கும்."

அவர் வெடித்த விரல்களை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டார். பிறகு கேட்டார்:

"கலகெதரயிலருந்து எழுதுன ரெண்டாவது காயிதம் என்ன தேதி?"

"ஜனவரி மூணு."

"அப்பவே காய்ச்சல் இருந்திருக்கும்."

அதை அவள் பெப்ரவரியிலேயே கணக்குப் போட்டுப் பார்த்திருந்தாள். அவர் இப்போதுதான் அதற்கு வந்து சேர்ந்திருக்கிறார். "சுகமா இருக்கேன்னு எழுதியிருந்தான். நான் சந்தோசப்பட்டு கடையில வாசிச்சுக் காட்டுனேன்," என்றார். சொல்லிவிட்டு முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். ஹென்றி இறந்த பிறகு அவர் அழுவதை டொரதி பார்த்தது அன்றுதான். அவர் முதுகில் கையை வைத்தாள். எடுக்கவில்லை.

வேலை மூன்று வாரம் நடந்தது. ஹென்றி செய்தது நல்ல வேலை, ஆனால் போதாது என்று கறுப்பையா நேராகவே சொன்னார். தண்ணீரைச் சுவருக்கு வரவிட்டுப் பிறகு வழியனுப்புவதைவிட, வராமல் மேலேயே திருப்ப வேண்டும். வீட்டுக்குப் பின்னால் சரிவில், ஓர் ஆள் உயரத்துக்கு மேலே, நீளத்துக்கும் ஒரு கான் வெட்டினார்கள். சுவருக்கு வெளியே தோண்டி மண்குழாய் இறக்கி, சுற்றிலும் சல்லிக்கல் போட்டு மூடினார்கள். சுவக்கின் காலையில் கடைக்குப் போகுமுன் ஒரு தடவையும் மாலையில் ஒரு தடவையும் வந்து பார்ப்பார். யோசனை எதுவும் சொல்வதில்லை. "இன்னும் என்ன வேணும்?" என்று மட்டும் கேட்பார். கேட்டதை மறுநாள் வண்டியில் அனுப்பிவைப்பார்.

கடைசி வாரம் கறுப்பையா அவரைத் தனியாகக் கூப்பிட்டார்.

"உள்ள இருக்குற பழைய கால்வாய என்ன செய்யலாம்யா? இனி அதுக்கு வேல இல்ல. அப்பிடியே விட்டா சுவத்தோட அடி எளகிப் போகும். மூடித்தான் ஆகணும். ஆனா உங்களக் கேக்காம செய்ய மனசு வரல."

சுவக்கின் அன்று பதில் சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் காலை சப்பாத்தை மாட்டிக்கொண்டு நின்றபடி, "மூடிருங்க," என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் இறங்கிப் போனார். டொரதி மட்டும் கூட இருந்தாள். கறுப்பையா ஓட்டுத் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து அவளிடம் கொடுத்தார். வேண்டுமா என்று கேட்கவில்லை. அவள் அவற்றைக் கழுவி, எதற்கென்று தெரியாமலே, குசினிச் சுவரோரம் அடுக்கிவைத்தாள். பிறகு கால்வாயில் கல் போட்டு, சிமெந்து ஊற்றி, தரையோடு தரையாக இழைத்துவிட்டார்கள். காய்ந்தபோது அந்த இடம் மட்டும் கொஞ்சம் வெளுப்பாகத் தெரிந்தது. நாளாக நாளாக அதுவும் கறுத்துவிடும் என்றார் கறுப்பையா.

ஜூலை கடைசியில் ஒரு சனிக்கிழமை சாமான்களை உள்ளே கொண்டுபோனார்கள். சுவக்கின் அன்று கடைக்குப் போகவில்லை. வெளியே நல்ல மழை. பின்சுவர் வெள்ளையடித்துக் காய்ந்த வாசத்தோடு இருந்தது. தரையில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. கட்டிலைப் பின்சுவரோரம் போட்டார்கள். அதில் சந்தேகம் இல்லை. அடுத்து மேசையை இரண்டு ஆட்கள் தூக்கிக்கொண்டு வந்து அறை நடுவில் நின்றார்கள்.

"எங்கங்கம்மா வைக்கிறது?"

"ஜன்னலுக்கு நேரா," என்றாள் டொரதி.

"இல்ல, இந்தப் பக்கம் கொஞ்சம் தள்ளி," என்றார் சுவக்கின். "வெளிச்சம் இடது கைப்பக்கமா வர்ற மாதிரித்தான் இருந்துச்சு."

"கதிரை சுவத்துல முட்டுமே அப்ப. அவன் கதிரையப் பின்னால தள்ளிக்கிட்டு உக்காருவானே."

"அப்ப ஜன்னலுக்கு நேராத்தானா?"

"அப்பிடித்தான்... இல்லங்க, ஜன்னலத் தொறக்க நான் மேசைய எட்டிச் சாஞ்சதா ஞாபகம் இல்ல."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். நாலு மாதம் அவள் தினமும் வந்து நின்ற அறை. ஒரு மூலை கலையக்கூடாது என்று அவர் ஆளைக் கூப்பிடாமல் இருந்த அறை. மேசை எங்கே இருந்தது என்பதை இரண்டு பேராலும் சொல்ல முடியவில்லை. பழைய தரையில் மேசைக் கால்கள் பட்ட தடம் இருந்திருக்கும். வேலைக்காக ஆட்கள் தேய்த்துக் கழுவியதில் அதுவும் போய்விட்டது.

மேசையைத் தூக்கியிருந்தவர்களுக்குக் கை வலித்தது. ஆனாலும் அவர்கள் இறக்கவில்லை. கறுப்பையா கதவடியில் தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு, வெளியே மழையைப் பார்த்தபடி நின்றார்.

"எனக்குத் தெரியலங்க," என்றாள் டொரதி கடைசியில்.

"எனக்கும் தெரியல." சுவக்கின் அறையை ஒரு தடவை சுற்றிப் பார்த்தார். "ஜன்னல்கிட்டயே வைங்க. வெளிச்சம் இருக்கும்."

வைத்தார்கள். கதிரையைக் கொண்டுவந்து போட்டார்கள். டொரதி மேலே போய்க் கொப்பிகளை எடுத்துவந்து மேசையில் அடுக்கினாள். திருத்தியவை மேலே இருந்தனவா திருத்தாதவை மேலே இருந்தனவா என்று அவள் யோசிக்கவில்லை. ஆட்கள் கும்பிட்டுவிட்டுப் போன பிறகு அவள் கட்டிலில் உட்கார்ந்தாள். ஜனவரிக்குப் பிறகு அந்தக் கட்டிலில் யாரும் உட்கார்ந்ததில்லை. சற்று நேரத்தில் சுவக்கினும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இந்தக் கொப்பியெல்லாம் பிள்ளைங்களோடது," என்றார். "ஸ்கூலுக்குக் கொடுத்துருவமா?"

"திங்கக்கிழம கொண்டுபோய்க் கொடுங்க," என்றாள் டொரதி.